ஒண்ணும் ஆகலைக்காரரின் ஜெனரேட்டர்

தெருவோரத்தில் ஒரு பொருள் கிடக்கிறது. கம்பி பிய்ந்து, மூடி கழன்று, ஒரு பக்கம் நசுங்கி, இனி இது எதற்கும் உதவாது என்று நாலு பேர் கூடி முடிவு செய்து தூக்கிப் போட்ட பொருள். நீங்கள் அதைத் தாண்டிப் போவீர்கள். கால் தடுக்கினால் திட்டிவிட்டுப் போவீர்கள். ஒருவர் மட்டும் நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு சுற்று சுற்றி வருவார், குனிவார், விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார், பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சத்தமாகவே தீர்ப்புச் சொல்வார்:

"இதுக்கு ஒண்ணும் ஆகல."

இவர்தான் ஒண்ணும் ஆகலைக்காரர்.

இந்த இனம் அருகி வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடும்பத்துக்கு ஒருவர் வீதம் செழிப்பாகவே இருக்கிறார்கள். சில பாவப்பட்ட குடும்பங்களில் இரண்டு. கண்டுபிடிப்பதும் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். வீட்டில் எந்த பிஸ்கெட் டப்பாவைத் திறந்தாலும் உள்ளே ஸ்க்ரூ இருக்கும். அந்த வீட்டில் எந்தப் பொருளும் முழுசாகச் செத்ததும் இல்லை, முழுசாக உயிரோடு இருந்ததும் இல்லை. ரேடியோ பாடும், ஆனால் அதன் தலையில் யாராவது கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடாகும், எந்தப் பக்கம் சூடாகும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன் பாடம் எடுப்பார்கள்: "பாத்ரூம் லைட்டுக்கு ஹால் சுவிட்சப் போடணும். போட்டதும் ஹால்ல ஃபேன் நின்னுடும். பயந்துடாதீங்க."

புதுசு வாங்குவது இவருக்கு ஒழுக்கக்கேடு. கடைக்குப் போய்ப் புதுசாக ஒன்றை வாங்கி வருகிறவனை, குடித்துவிட்டு வருகிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம். இது அந்தக் காலத்து இரும்பு. தட்டிப் பாரு, மணி மாதிரி பேசும்." பேசட்டும். வேலை செய்யுமா? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனசு நொந்துவிடும்.

இந்த இனத்தில் நல்ல விளைச்சலான ஒருவரை இப்போது உங்களுக்குக் காட்டுகிறேன்.

நம்மவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கிளார்க். அது அவருடைய சம்பளம் மட்டும்தான். வாழ்க்கை வீட்டின் பின்கட்டில், இரும்புச் சாமான்களுக்கு நடுவே இருந்தது. முன் ஹாலில் அவருடைய மனைவி தையல் பட்டறை நடத்தினார். நாலு மோட்டார் மெஷின்கள். மனைவி ஒன்றில், மனைவியின் தங்கை ஒன்றில், வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் மற்ற இரண்டில். உள்ளதைச் சொன்னால் அந்த நாலு மெஷினும் ஓடினால்தான் வீடு ஓடும். நம்மவர் சம்பளம் ஸ்க்ரூவுக்கே சரியாகிவிடும்.

அந்த மாதம் பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி ஒன்று நர்சுகளுக்கு நூற்றிருபது கோட்டு தைக்கக் கொடுத்தது. ஸ்டோர் அதிகாரி கறாரான ஆள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எண்ணி வெச்சுடணும்மா. சொன்ன நேரத்துக்கு வந்துச்சுன்னா வருஷம் பூரா தையல் உங்களுக்குத்தான். தவறிச்சுன்னா, இன்னொருத்தர் வாசல்லயே உக்காந்திருக்காரு" என்றார். வருஷம் பூரா! மனைவி வீட்டுக்கு நடந்தா வந்தார்? கால் தரையில் பட்டிருக்காது.

திங்கட்கிழமை காலை மின்வாரியத்தின் அறிவிப்பு வந்தது. பராமரிப்பு வேலைக்காக வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஊர் முழுக்க மின்சாரம் இருக்காது.

மனைவி விரல்விட்டுப் பார்த்தார். இரவு பகல் தைத்தாலும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு முப்பது கோட்டு மிச்சம் நிற்கும். "என்னங்க, வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் ஒரு ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லிடுங்க" என்றார்.

வாடகை! நம்மவர் வாயில் போட்ட இட்லியோ எதுவோ அப்படியே நின்றுவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் ஒரு மூன்று சக்கர வண்டியோடு திரும்பினார். வண்டிக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில், மூடிப்போன ஒரு அச்சகத்தின் கொல்லையில் பத்து வருஷம் மழை குடித்துவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்த ஒரு ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது. நிறம் என்று ஒன்று அதற்கு இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை.

தங்கை எட்டிப் பார்த்தாள். "மாமா, இதுக்குள்ள ஏதோ கூடு கட்டியிருக்கு."

"எலி. எலி குடியிருந்துச்சுன்னா உள்ள ஈரமே இல்லன்னு அர்த்தம். நல்ல சகுனம்."

"என்னங்க, வெள்ளிக்கிழமை..." என்று மனைவி இழுத்தார்.

"வெள்ளிக்கிழமையா? புதன்கிழமையே ஓடும். இதுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் தூக்கிப் போட்டாங்க?"

"தெரியாதவங்க கையில மாட்டிக்கிச்சு."

பாருங்கள், இந்த இனத்தின் பார்வையில் உலகத்தில் கெட்டுப்போன பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது. தெரியாதவர்கள் கையில் மாட்டிக்கொண்ட பொருள்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நம்மவர் லீவு போட்டார். அலுவலகத்துக்கு என்ன காரணம் எழுதினார் என்று கேட்காதீர்கள். குடும்பத்தில் ஒருவர் உடம்புக்கு முடியாமல் கிடப்பதாக எழுதினார். எழுதும்போது ஜெனரேட்டரைத்தான் நினைத்துக்கொண்டார், ஆகவே மனசாட்சி உறுத்தவில்லை. பின்கட்டில் பேப்பரை விரித்து, அதை அக்கு அக்காகக் கழற்றி, ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, துடைத்து, ஊதி, வெயிலில் காய வைத்தார். இப்படி ஒருவர் கழற்றினால் பார்க்க ஆள் வராமல் இருக்குமா? எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் நாற்காலியோடு வந்தார். தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டே வந்தார். இருவரும் எதையும் தொடவில்லை. "அதைச் சுத்தமா தொடைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதும் ஒரு வேலைதானே.

இல்லாத பாகத்துக்கு நம்மவர் கடைக்குப் போகமாட்டார். வீட்டுக்குள் போவார். வீட்டில் எத்தனையோ பொருள் சும்மா இருக்கிறது! பெட்ரோல் குழாய்க்குத் தண்ணீர் வடிகட்டியின் குழாய் வந்தது. காற்று வடிகட்டிக்குப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வந்தது. இழுத்துக் கிளப்பும் கயிற்றுக்குத் துணிக்கொடி வந்தது. குடும்பத்தார் அன்று ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொடியைத் தேடி வட்டமிட்டார்கள். கேட்டால், "இப்போதைக்குத்தான்" என்றார். இந்த 'இப்போதைக்கு' என்பது இந்த இனத்தின் காலண்டரில் ஆறு மாதத்திலிருந்து ஆயுள் வரைக்கும் போகும்.

புதன்கிழமை சாயங்காலம், நாற்பது இழுப்புக்குப் பிறகு, அது இருமியது. ஐம்பதாவது இழுப்பில் கிளம்பியது. பின்கட்டே தெரியாத அளவுக்குப் புகை. புகைக்குள்ளிருந்து தபால்காரர் கைதட்டும் சத்தம் கேட்டது. நம்மவர் ஒரு பல்பை மாட்டினார். பல்பு எரியவில்லை. இயந்திரம் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை.

"ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்றார்.

வியாழக்கிழமை காலை மனைவி மறுபடி வந்து நின்றார். "வாடகைக்குச் சொல்லிடட்டுமா? இப்பவே சொன்னாத்தான் கிடைக்கும்."

நம்மவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "என் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு உள்ளதைச் சொல்லும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. மனைவி பேசாமல் மெஷினுக்குத் திரும்பிப் போனார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

அன்று மத்தியானம் நோய் பிடிபட்டது. கபாசிட்டர். கட்டைவிரல் தடிமனில் ஒரு டப்பா, இரண்டு கம்பி, அவ்வளவுதான். அது இல்லாமல் மோட்டார் கிளம்பாது. இந்த வகை ஜெனரேட்டரில் அது இல்லாமல் கரண்டே பிறக்காது. பழையது உப்பி வெடித்திருந்தது. இரண்டு தெரு தள்ளி மின்சாமான் கடை. போனார். கடைக்காரர் அதே அளவில் புதுசு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். நம்மவர் அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"என்னங்க, இவ்வளவு லேசா இருக்கு?"

"இப்ப எல்லாம் இப்படித்தான் சார் வருது."

"அதான் பாத்தேன்." வைத்துவிட்டு வந்துவிட்டார். கடைக்காரர் வருத்தப்படவில்லை. இந்த இனம் வந்து எடை பார்த்துவிட்டுப் போவது அவருக்கு மழை வெயில் மாதிரி.

வெள்ளிக்கிழமை. சொன்னபடி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. முப்பத்துநாலு கோட்டு பாக்கி. துணி வெட்டியாகிவிட்டது, தைப்பதுதான் மிச்சம். சும்மா இருப்பானேன் என்று நாலு பெண்களும் வெளிச்சமான பின் அறையில் உட்கார்ந்து, தைத்து முடித்த கோட்டுகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் தண்ணீர் குடிக்க ஹால் வழியாகப் போனார். நின்றார்.

ஹாலில் நாலு மெஷின் சும்மா இருந்தது.

நாலு மேஜை. நாலு மேஜைக்கு அடியிலும் நாலு மோட்டார். நாலு மோட்டாரின் விலாவிலும் ஒவ்வொரு கபாசிட்டர். குனிந்து அளவைப் படித்தார். சட்டைப் பையிலிருந்த செத்துப்போன பெரிய கபாசிட்டரின் அளவைப் படித்தார். நாலு சின்னதைச் சேர்த்துக் கட்டினால், ஒரு பெரியது. புள்ளி கூடப் பிசகவில்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? இது தெய்வம் காட்டிய வழி இல்லாமல் வேறென்ன? ஓசைப்படாமல் நாலையும் கழற்றினார். திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். இந்த அறையிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு மாற்றல். அவ்வளவுதான். இப்போதைக்கு.

பதினொன்றரை மணிக்குக் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பல்பு எரிந்தது! மங்கலாக அல்ல, கண் கூசும்படி எரிந்தது. ஹாலுக்கு இழுத்திருந்த வயரிலும் கரண்ட் வந்தது. தபால்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வெல்டிங்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. அந்த நேரம் பார்த்து, தான் விற்ற சாமான் என்ன ஆனது என்று பார்க்க இரும்புக் கடைக்காரரும் வந்து சேர்ந்தார். வந்தவர் ஓடுகிறதைப் பார்த்து, இதைப் போய் எடைக்குப் போட்டோமே என்று வயிறெரிந்தார். நம்மவருக்கு அதைவிடப் பெரிய விருது வேறு உண்டா?

மனைவி ஓடி வந்தார். கல்யாணமான புதிதில் பார்த்தது மாதிரி ஒரு பார்வை பார்த்தார். "நிஜமாவே ஓடுதுங்க! நான்தான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்."

"நான் சொன்னேன்ல."

"ஏய், வாங்கடி, உக்காருங்க. ஆறு மணி நேரம் இருக்கு, முடிச்சிடலாம்!"

நாலு பேரும் ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். துணியை வைத்து, ஊசியை இறக்கி, சுவிட்சைப் போட்டு, மிதியை அழுத்தினார்கள்.

உம்ம்ம்ம்.

நாலு மோட்டாரும் ஒன்றாக உறுமின. ஒரு ஊசியும் அசையவில்லை. வெளியே ஜெனரேட்டர் முக்கியது. தங்கை சுவிட்சை அணைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் தலையை விட்டாள். "அக்கா, இங்க ஒரு டப்பா இருக்குமே, அதக் காணோம்."

"இங்கயும் இல்லக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நாலு பெண்களும் மெதுவாகத் திரும்பி நம்மவரைப் பார்த்தார்கள்.

"அது... ஜெனரேட்டர்ல இருக்கு" என்றார்.

"அங்க எதுக்கு?" என்றார் மனைவி.

"கரண்ட் வரணும்ல?"

"கரண்ட் எதுக்கு?"

"மெஷின் ஓடணும்ல?"

"மெஷின் எத வெச்சு ஓடும்?"

இந்தக் கேள்வி நம்மவருக்கு நிஜமாகவே புதுசு. எங்கே போடுவது என்று மூன்று நாள் யோசித்தவருக்கு எங்கிருந்து எடுத்தோம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இந்த இனத்துக்குத் தோன்றாது. உடம்பில் அந்த உறுப்பு இல்லை.

"அதுக்கென்ன? கையால ஒரு சுத்து சுத்திவிட்டா மோட்டார் தானா புடிச்சுக்கும்" என்று பாய்ந்து வந்து, மோட்டார் சக்கரத்தைச் சுண்டிவிட்டார். ஓடவும் செய்தது! மனைவி மிதியை அழுத்தினார். நாலு தையல் விழுந்தது. ஐந்தாவதில் நின்றது. ஏதோ கருகும் வாடை வந்தது.

"கையை எடுங்க" என்றார் மனைவி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நம்மவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தங்கை மின்சாமான் கடைக்கு ஓடினாள். கரண்ட் இல்லாத நாளில் கடையைத் திறந்து என்ன செய்வது என்று கடைக்காரர் பூட்டிக்கொண்டு போயிருந்தார். மனைவி வாடகைக் கடைக்குப் போன் செய்தார். "ஊரே இருட்டு, இப்பப் போய்க் கேக்குறீங்களேம்மா! திங்கக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்கள். கபாசிட்டர்களைத் திரும்ப மெஷினில் மாட்டினால் ஜெனரேட்டர் செத்துவிடும். மாட்டாவிட்டால் மெஷின் செத்தே கிடக்கும். மணி பன்னிரண்டு. முப்பத்துநாலு கோட்டு மேஜையில் மடிந்து கிடந்தது. வருஷம் பூரா வரவேண்டிய வேலை அதோடு சேர்ந்து கிடந்தது.

மனைவி ஒரு நிமிஷம் மெஷினையே பார்த்தார். பிறகு குனிந்து, மோட்டாரிலிருந்து வந்த பெல்டைக் கழற்றினார். மெஷினின் வலது பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஊசி ஏறி இறங்கியது.

"உக்காருங்க" என்றார்.

"எங்க?" என்றார் நம்மவர்.

"இங்க. ஸ்டூலப் போட்டுக்கிட்டு உக்காந்து இந்தச் சக்கரத்தச் சுத்துங்க. நான் துணியப் புடிக்கிறேன்."

"நான் சுத்துறதா? ஜெனரேட்டர் அங்க..."

"சுத்துங்க."

சுற்றினார். தையல் ஓடியது. மனைவி தலையைத் தூக்கி, பின்கட்டு வாசலில் நழுவப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரைப் பிடித்துவிட்டார். "அண்ணே, நீங்களும் வாங்க. மூணு மெஷினுக்குச் சுத்த ஆள் இல்ல."

"எனக்கு முட்டி வலிம்மா" என்றார் தபால்காரர்.

"கைக்குத்தாண்ணே வேலை."

"நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"பாத்துக்கிட்டே சுத்துங்க."

வெல்டிங்காரர் காரணம் எதுவும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். இருந்தவர்களில் அவர்தான் புத்திசாலி.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு மெஷின், நாலு பெண்கள், நாலு சக்கரம், நாலு ஆண்கள். வெளியே, மூன்று நாள் உழைப்பில் உயிர்த்தெழுந்த ஜெனரேட்டர் பட்டப்பகலில் ஒரே ஒரு பல்பை எரித்துக்கொண்டு ஊரதிர ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே, அதை உயிர்ப்பித்தவர் வியர்வை சொட்டச் சொட்ட, கையால் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, ஒரே சீராச் சுத்துங்க. ஏறி ஏறி எறங்குது" என்றாள் தங்கை, பக்கத்து மெஷினிலிருந்து. "உங்களுக்கும் கபாசிட்டர் போயிடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் மட்டும் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

ஐந்தேகாலுக்குக் கடைசிக் கையும் கடைசிக் காலரும் தைத்தாயிற்று. ஐந்தரைக்கு மூட்டை கட்டியாயிற்று. ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரி ஸ்டோரில் நூற்றிருபது கோட்டையும் எண்ணி வைத்தார்கள். அதிகாரி ஒன்றை எடுத்து, மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தையல் நெருக்கமா, அழுத்தமா விழுந்திருக்கே. என்ன மோட்டார் போட்டிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றார் மனைவி.

வேலை கிடைத்தது. வருஷம் பூரா.

நம்மவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். அன்று சாயங்காலமே, வீங்கிப்போன உள்ளங்கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு தெருவுக்கே கதை சொன்னார். அந்தக் கதையில் முதல் இழுப்பு இருந்தது, கண் கூசிய பல்பு இருந்தது, இரும்புக் கடைக்காரரின் வயிற்றெரிச்சல் இருந்தது. சக்கரம் இல்லை. மறுவாரம் மனைவி பட்டறைக்கென்று புதிதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கி, கம்பிக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தங்கையிடம் கொடுத்தார். நம்மவர் கூண்டைச் சுற்றி வந்தார். தலையைச் சாய்த்தார். கம்பி வழியாக விரலை விட்டுத் தட்டிப் பார்த்தார்.

"தகரந்தான்" என்றார். "ஆனா உள்ள நல்ல சாமானெல்லாம் இருக்கு. அவசரத்துக்கு எடுத்துக்கலாம்."

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான். நாலு மெஷினிலிருந்தும் அவர் கபாசிட்டரைக் கழற்றிய இடத்தைப் படித்தபோது உங்கள் மனசில் என்ன ஓடியது? 'ஐயோ, அந்த அம்மாள் இனி என்ன செய்வாள்' என்று ஓடியிருந்தால் பிழைத்தீர்கள். 'நாலையும் சேர்த்துக் கட்டினால் கணக்குச் சரிதானே' என்றோ, 'மெஷினில் ஏன் கை வைத்தார், வீட்டு மின்விசிறிகளிலிருந்து எடுத்திருக்கலாமே' என்றோ ஓடியிருந்தால், புத்தகத்தைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யாரோ எதையோ காணோமென்று ரொம்ப நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது எதற்குள் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.